பிரேக் அக்காவின் வலது கால்

எங்கள் பகுதியில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் இன்று உயிரோடும் லைசென்ஸோடும் இருப்பதற்குக் காரணம் ஒரு கால். பிரேக் அக்காவின் வலது கால்.

ஓட்டுநர் பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறவருக்கு ஒரு பிரேக் என்று இரண்டு இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை மிதக்க விட்டபடியே பல வருடங்களை ஓட்டியவர் அவர். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். நாற்பதைத் தாண்டியபின் கார் ஓட்டப் பழகலாம் என்று ஆசை வந்து அவரிடம் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே என் பிடியைப் பார்த்துவிட்டு, "லைப்ரரி, ஸ்டியரிங்கை ஏன் இப்படிப் பிடிச்சிருக்கே? அது எங்கயும் ஓடிப்போகாது" என்றார். அன்றிலிருந்து நான் "லைப்ரரி" ஆனேன்.

கையைத் தளர்த்தச் சொல்லும்போது அவர் என் கையைத் தொடமாட்டார். ஒரு பென்சிலால் என் விரல் முட்டியைத் தட்டுவார், அவ்வளவுதான். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் அவர் கையில் திடீரென்று ஒரு தட்டோ பையோ முளைத்துவிடும். கணவர் என்று ஒருவர் கொஞ்ச காலம் இருந்தார். "ரெண்டு பேருக்கும் ஸ்டியரிங் வேணும்னா வண்டி எங்கம்மா போகும்?" என்று அந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அவருக்கு உறவென்று இருந்தது ஒரு தம்பி. அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் குடியிருந்தார். தெருமுனை பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. தூண் மாதிரி முன்கைகள். தம்பிக்குத் திருமணம் ஆகவில்லை. என்னைவிட மூத்தவர்தான், ஆனால் அக்கா வாய் ஓயாமல் "தம்பி, தம்பி" என்பதால் என் மனதிலும் அவர் தம்பியாகவே பதிந்துவிட்டார். அக்காவும் தம்பியும் பாசத்தை மாடிப்படி வழியாகக் கத்திப் பரிமாறிக்கொள்கிற வகை. "சாப்டியாடா?" என்று மேலிருந்து ஒரு சத்தம். "ஆச்சு" என்று கீழிருந்து ஒரு சத்தம். அதோடு அன்றைய குடும்பக் கூட்டம் முடிந்தது.

ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். அக்கா முன்னால் பார்த்தபடியே, "மார்புல கட்டியாம். கான்சர்னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் ஆபரேஷன்" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பின்னால் ஹாரன் அலறியது.

"பச்சை விழுந்தாச்சு லைப்ரரி. கிளம்பு. கியர், கியர்!"

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடது அக்குளில் சில நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் சில மாதங்களுக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அக்கா அதற்கு ஒரு ஏற்பாடு செய்தார். என் பயிற்சி வகுப்பை மருத்துவமனை வழியில் போட்டுவிட்டார். போகும்போது ஒரு வகுப்பு. அவருக்கு மருந்து ஏறும் நேரத்தில் நான் காத்திருப்பறையில் புத்தகம். திரும்பும்போது இன்னொரு வகுப்பு. "உனக்குப் பழக்கம் ஆச்சு, எனக்கு வண்டி ஆச்சு" என்றார். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. 'எல்' பலகை மாட்டிய காரில் நோயாளியை இறக்கிவிடுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வாசல் காவலாளி எங்களைக் கண்டாலே மற்ற வண்டிகளை ஒதுங்கச் சொல்லிவிடுவார்.

முதல் முறையும் இரண்டாம் முறையும் அக்கா சமாளித்தார். முடி கொட்டியபோது, "ஷாம்பு மிச்சம்" என்றார். வாந்திக்கு மாத்திரை இருந்தது. மருந்தே இல்லாமல் வந்து உட்கார்ந்தது களைப்புதான்.

அது நாம் அறிந்த களைப்பு இல்லை. நாள் முழுக்க உழைத்தால் வருகிற களைப்புக்குத் தூக்கம் என்று ஒரு மருந்து உண்டு. இது தூங்கி எழுந்தாலும் அப்படியே இருந்தது. பல் துலக்கிவிட்டு, அந்தக் களைப்புத் தீரக் கட்டிலில் உட்காருவார். மாடிப்படி திருப்பத்தில் ஒரு நாற்காலி போட வேண்டியதாயிற்று. பேசிக்கொண்டே இருக்கும்போது வாக்கியத்தின் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியைத் தேடுவார். அவருக்கு அதில் வலியைவிட அவமானம்தான் அதிகம்.

"சோம்பேறி ஆயிட்டேன் லைப்ரரி. வேற ஒண்ணுமில்லை" என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

மருந்தேற்றும் கூடத்தில் ஒரு செவிலியர் இருந்தார். நல்ல உயரம், பேச்சோ பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. மருந்து ஏறும் நேரத்தில் விரும்புகிறவர்களுக்குக் காலையோ கையையோ மெல்ல வருடி, அழுத்திவிடுவது அவர் வேலையில் ஒரு பகுதி. அதற்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்தவர். அவர் அக்காவிடம் வந்து, "களைப்பு ரொம்ப இருக்குன்னு சொன்னீங்களே. காலைக் கொஞ்சம் பிடிச்சு விடட்டுமா? சிலருக்குக் கொஞ்சம் லேசாகுது" என்று கேட்டார்.

"வேண்டாம் சிஸ்டர். காலைப் பிடிச்சா களைப்பு போயிடும்னா நீங்க எதுக்கு இவ்ளோ பெரிய கட்டடம் கட்டி வச்சிருக்கீங்க?"

சிஸ்டர் சிரித்துவிட்டு, "சரிம்மா. மனசு மாறினா சொல்லுங்க" என்று அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

மனசு மாறியது அடுத்த தடவை. அதற்கு ஒருவகையில் நானும் காரணம்.

மருந்து முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். மருத்துவமனைக்குப் பின்புறம் ஒரு குறுகலான தெரு. ஓரமாக ஒரு துணி வெளுக்கும் நிறுவனத்தின் வேன் நின்றிருந்தது. நான் அதைக் கடக்கப் போகையில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. நான் ஒடித்தது வேன் பக்கம். அப்படியே உறைந்துவிட்டேன். உறைவது என் வழக்கம்தான். உறைந்தால் அக்காவின் கால் இறங்கும், வண்டி நிற்கும், அவர் திட்டுவார், கிளம்புவோம். அப்படித்தான் எங்கள் வகுப்புகள் நடந்தன.

அன்று கால் இறங்கவில்லை. வண்டி ஊர்ந்து போய் வேனின் பின்பக்கத்தில் இடித்து நின்றது.

பெரிய அடி இல்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வேன் ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்து, பம்பரைத் தடவிவிட்டு, அக்காவின் தலைத்துணியைக் கண்டு எதுவும் சொல்லாமல் ஏறிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அக்கா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பார்த்தேன் லைப்ரரி. கண்ணு பார்த்துச்சு. மூளை போடுன்னு சொல்லுச்சு. கால்தான் எழுந்திருக்கலை."

சாவியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். வண்டியை எடுத்துப் போகப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஆள் வரச் சொன்னார். வாடகைக் காரில் வீட்டுக்குப் போகிற வழியில் அவர் பேசியது ஒரே வாக்கியம். "இது சோம்பல் இல்லை."

மறுநாள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் முதலில் பாதத்தைச் சோதித்தார். இந்த மருந்தில் சிலருக்குக் கால் விரல்கள் மரத்துப்போகுமாம். அக்காவுக்கு உணர்ச்சி சரியாகவே இருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் சோகை. அதற்கு மருந்து எழுதினார். வண்டி ஓட்டவோ, ஓட்டச் சொல்லித் தரவோ கூடாது, தான் சொல்லும்வரை. தினமும் முடிந்த மட்டும் நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் களைப்பு கூடுமே தவிர குறையாது.

"அந்தக் காலைப் பிடிச்சு விடற சிஸ்டர்..." என்று அக்கா இழுத்தார்.

"தாராளமா செஞ்சுக்கலாம். நோயை அது ஒண்ணும் பண்ணாது. களைப்பு கொஞ்ச நேரத்துக்குக் குறையலாம். நிறைய பேர் குறையுதுன்னுதான் சொல்றாங்க. எதனாலன்னு கேட்டா, எங்களுக்கே முழுசா பிடிபடலை" என்றார் டாக்டர்.

அந்த பதில் அக்காவுக்குப் பிடித்துப்போனது. "தெரியலைன்னு சொல்ற ஆளை நம்பலாம்" என்றார் வெளியே வந்ததும்.

அடுத்த முறை மருந்தேற்ற வாடகைக் காரில் போனோம். சிஸ்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். வெதுவெதுப்பான துண்டால் பாதங்களைச் சுற்றினார். எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டார்; வாசனையே இல்லாத எண்ணெய். மருந்து ஏறும் காலத்தில் வாசனை எது என்றாலும் குமட்டுமாம். பிறகு கேட்டார்: "தொடலாமா?"

அக்கா ஒரு நொடி தயங்கினார். அந்தக் கேள்வியை அவரிடம் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை என்று பின்னால் எனக்குச் சொன்னார். "ம்" என்றார்.

"இப்ப களைப்பு எவ்வளவு இருக்கு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"பெட்ரோல் முள்ளு கணக்குல சொல்லட்டுமா? ரிசர்வுக்குக் கீழ போய் ரொம்ப நேரமாச்சு."

சிஸ்டர் முதலில் பிடித்துவிடவே இல்லை. இரண்டு பாதங்களின்மேலும் கைகளை வைத்துச் சும்மா இருந்தார். பிறகு கட்டைவிரலால் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை மிக மெதுவாக ஒரு கோடு. மறுபடி ஒரு கோடு. விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, லேசாகச் சுழற்றி, விட்டார். அக்காவின் உடம்பு முழுக்க விறைத்திருந்தது. நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்திருந்த பிடியில் என்னைத் தோற்கடித்துவிட்டார்.

"இது என்ன சிஸ்டர், அழுத்தவே மாட்டேங்கறீங்க?"

"அழுத்தறதுக்கு இல்லைம்மா இது."

கொஞ்ச நேரம் போனது. கைப்பிடியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தோள் இறங்கியது. அக்காவின் முகத்தில் நான் அறிந்த அந்த எப்போதும் விழித்திருக்கிற பார்வை, அடுத்த திருப்பத்தில் எவன் குறுக்கே வருவானோ என்கிற பார்வை, மெல்லக் கலைந்தது. சிஸ்டர் வலது காலை முடித்துத் துண்டால் மூடிவிட்டு எழப் போனார். பக்கத்து நாற்காலிக்காரர் கூப்பிட்டிருந்தார்.

"எங்க போறீங்க? அந்தக் கால் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

அன்று மாலை மாடி ஏறும்போது திருப்பத்து நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அதைப் பார்த்து, அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மேலே போனார். சமையலறையில் நின்றபடி தானே ஒரு முட்டை வேகவைத்துச் சாப்பிட்டார். "முள்ளு ரிசர்வுக்கு மேல ஒரு மயிரிழை வந்திருக்கு" என்றார். இரண்டே நாளில் அது பழையபடி இறங்கிவிட்டது. அதை சிஸ்டரிடம் புகாராகச் சொன்னார்.

"ஆமாம்மா, இறங்கும். தினமும் யாராவது செஞ்சா நல்லா இருக்கும். வீட்ல யாரு இருக்கா?"

வீட்டில் இருந்தது தம்பி.

தம்பியை வரவழைத்தார்கள். பேக்கரி வேலை முடிந்து, சட்டையைக் கூட மாற்றாமல் வந்து நின்றார். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது. அக்காவின் காலை அவர் தொட்டதெல்லாம் சின்ன வயதில் வாரிவிட்டதோடு சரி.

"நான்... எனக்கு... மாவுதான் சிஸ்டர் பிசையத் தெரியும்."

"அதைத்தான் நீங்க மறக்கணும்."

மறப்பது சுலபமாக இல்லை. முதல் தடவை அவர் பாதத்தைப் பிடித்த பிடியில் அக்கா, "டேய்! காலுடா! பன் இல்லை!" என்று போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் தன் முன்கையை நீட்டி, "என்மேல பழகுங்க" என்றார். இன்னும் லேசாக, இன்னும் லேசாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பிக்கு வியர்த்தது. கடைசியில் அவரே கேட்டார்:

"கேக் மேல க்ரீம் பூசற மாதிரியா?"

"கேக் உடையாம பூசுவீங்களா?"

"உடைஞ்சா முதலாளி என்னை உடைச்சிடுவார் சிஸ்டர்."

"அப்ப அந்தக் கைதான்."

அதற்கப்புறம் வந்துவிட்டது. என்னென்ன கூடாது என்பதையும் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். கணுக்களை எடுத்த இடது கையைத் தொட வேண்டாம். காயம், வீக்கம் இருந்தால் வேண்டாம். கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தால் பிடித்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

வீட்டில் முதல் நாளே ஒரு சிக்கல். தம்பியின் கையில் ஊறிப்போயிருந்த வெனிலா வாசனை. நமக்கு மணம், அக்காவுக்கு அப்போது குமட்டல். தம்பி கீழே போய், நகக்கண்ணெல்லாம் தேய்த்து, கழுவிக் கழுவி, கையை என் மூக்கில் காட்டிச் சோதித்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். தினமும் மதியம், ஜன்னலோரக் கட்டில், கால்மாட்டில் ஒரு முக்காலி. நான் போகிற நாட்களில் பார்த்திருக்கிறேன். படிக்கட்டு வழியாகக் கத்திப் பேசிய இரண்டு பேரும் அந்த நேரத்தில் தாழ்ந்த குரலில் பேசப் பழகினார்கள். அதிகம் பேச்சும் இல்லை. பேக்கரியில் அடுப்பு பழுதானது, முதலாளி முறைத்தது, அப்படி ஏதாவது.

"அந்த சிஸ்டர் மெல்லினம், நீ வல்லினம்" என்பார் அக்கா. "போகப்போக இடையினம் ஆயிடுவே."

அடுத்த மருந்துக்குப் பிறகு களைப்பு மிகவும் கூடிவிட்டது. நாளெல்லாம் கட்டில்தான். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. லேசாகப் பிடித்துவிட்டாலே கொஞ்சம் தெளிகிறதே, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் தெளியாதா என்று அவர் கணக்குப் போட்டார். அக்கா அரைத் தூக்கத்தில் இருந்தபோது ஆடுசதையைத் தன் பழைய பலத்தோடு பிசைந்துவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் கால் முழுக்க நாவல்பழ நிறத்தில் திட்டுத் திட்டாகக் கன்றியிருந்தது.

தம்பி எனக்குப் போன் செய்த குரலை இன்னும் மறக்கவில்லை. "நான் அக்காவை என்னமோ பண்ணிட்டேன்" என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. மருத்துவமனைக்கு ஓடினோம். இரத்தத்தை உறையவைக்கிற அணுக்கள் அந்த வாரம் குறைந்திருக்கின்றன, அதனால்தான் இப்படிக் கன்றியது, ஆபத்து ஒன்றும் இல்லை என்றார்கள். சிஸ்டர் திட்டவில்லை. "இந்த மாதிரி வாரத்துல பிடிச்சு விடவே வேண்டாம். பாதத்து மேல கையை வச்சுக்கிட்டுச் சும்மா உட்காருங்க. அது போதும்" என்றார்.

"சும்மா வச்சா என்ன ஆகும் சிஸ்டர்?"

"பிடிச்சு விடறதுல பாதி அதுதான்."

தம்பி தலையாட்டினார். ஆனால் அவர் மனசு ஏற்கவில்லை. பலத்தால் பிழைப்பவரிடம் சும்மா இரு என்று சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்த யாரோ ஒருவர் தம்பியின் காதில் ஒன்றைப் போட்டார். கையாலேயே கான்சரை எடுத்துவிடும் ஒரு மனிதர் இருக்கிறாராம். தம்பி அவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

நானும் அன்று அங்கே இருந்தேன். வெள்ளை வெளேர் சட்டை, கனிவான முகம். தேன் மாதிரிப் பேசினார். உடம்பில் ஒரு அலை ஓடுகிறது, அது அக்காவுக்குத் தடைபட்டிருக்கிறது, தன் கை அதைச் சரி செய்யும் என்றார்.

அக்கா தலையணையில் சாய்ந்தபடி கேட்டார். "நல்லது. நீங்க கை வைங்க. மருந்தும் ஓடட்டும். ரெண்டும் சேர்ந்து ஓடினா என்ன?"

"அது முடியாதும்மா. மருந்து விஷம். அது உள்ள இருந்தா என் அலை வேலை செய்யாது. அதை முதல்ல நிறுத்தணும்."

அக்கா எழுந்து உட்கார்ந்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் குரல் அந்தப் பழைய குரல், ரவுண்டானாவில் லாரிக்காரனை அதட்டுகிற குரல்.

"ஐயா, என் வண்டியில ரெண்டு பிரேக் இருக்கு. ஒண்ணைக் கழட்டினாதான் இன்னொண்ணு பிடிக்கும்னு சொல்ற மெக்கானிக்கை நான் வாசப்படி ஏத்தமாட்டேன். ஏதோ ஏத்தியாச்சு. இறங்கறதுக்கு வழி தெரியும்ல?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கதவையே பார்த்தார். அந்த ஆள் போய்விட்டார்.

தம்பி சுவரைப் பார்த்து நின்றார். அந்தப் பெரிய முதுகு குலுங்கியது.

"இங்க வா" என்றார் அக்கா. "உட்காரு. ஏன்டா, அந்த ஆள் சொல்றதை நம்பினியா?"

"நம்பலை. ஆனா... சும்மா கையை வச்சுக்கிட்டு உட்கார முடியலைக்கா. உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

"அதுக்குத்தான்டா மருந்தை நிறுத்த மாட்டேங்கறேன்."

அக்கா போர்வையை விலக்கிப் பாதங்களை வெளியே நீட்டினார். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைப் பார்த்தார், மோந்து பார்த்தார், எழுந்து கழுவப் போனார். திரும்பி வந்து, "தொடலாமாக்கா?" என்று கேட்டார். பாதங்களின்மேல் கையை வைத்தார். அழுத்தவில்லை. வெளிச்சம் ஜன்னலிலிருந்து நகர்ந்து கட்டிலின் அந்தப் பக்கம் போகும்வரை அப்படியே இருந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கிவிட்டேன்.

மருந்து ஏற்றுவது ஒருவழியாக முடிந்தது. களைப்பு முடியவில்லை. இன்னும் சில மாதம் இருக்கும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் அக்கா பதறவில்லை. தினமும் பேக்கரிவரை நடந்தார். பிறகு பேக்கரியைத் தாண்டி பஸ் நிறுத்தம்வரை. பிறகு நூலகம்வரை வந்து, என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "தண்ணி கொடு லைப்ரரி" என்று கூடமே கேட்கும்படி சொல்வார். அமைதி காக்கவும் என்ற பலகை அவர் தலைக்கு நேர் மேலே தொங்கும். மதியத்தில் தம்பியின் கை. முள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, ஏறிய இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கத் தொடங்கியது.

டாக்டர் வண்டிக்கு அனுமதி தந்த பிறகும் அக்கா உடனே ஏறவில்லை. நிறுத்தி வைத்த காரில் தன் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். நான் ஓட்டுநர் இருக்கையில். "எதிர்பாக்காத நேரத்துல கத்து" என்பார். நான் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்து, திடீரென்று "நாய்!" என்று கத்துவேன். கால் இறங்கும். "லேட்டு" என்று அவரே தீர்ப்புச் சொல்வார். பல நாட்கள் அந்தத் தெருவில் இல்லாத நாய்களும் மாடுகளும் குறுக்கே ஓடின. ஒருநாள் நான் கத்த வாயைத் திறந்ததுமே கால் இறங்கியது.

"போதும். வண்டியை எடு" என்றார்.

அந்த வருடக் கடைசியில் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. தேர்வு அதிகாரி என்னிடம், "பக்கத்துல யாரும் பிரேக் போடாமலே ஓட்டிட்டீங்களே" என்று ஆச்சரியப்பட்டார். பாவம், அவர் என் முந்தைய தேர்வுகளையும் பார்த்தவர்.

அக்கா இப்போது முன்போல நாளெல்லாம் வகுப்பு எடுப்பதில்லை. இரண்டு வகுப்புக்கு நடுவில் வண்டியை மரத்தடியில் நிறுத்தி இருக்கையைச் சாய்த்துக்கொள்வார். "நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடறேன். நீ சாவியைத் தொட்டே, உன்னைத் தொலைச்சிடுவேன்" என்று மாணவியிடம் சொல்வார். வெட்கமே இல்லை அதில். சோதனைகளில் இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது. "இதுவரை" என்ற சொல்லை டாக்டரும் விடுவதில்லை, அக்காவும் விடுவதில்லை. தம்பிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க முயன்று, இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளாமல் இருந்து, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

போன மாதம் பரிசோதனைக்கு நான்தான் ஓட்டிப்போனேன். வேலை முடிந்ததும் அக்கா மருந்தேற்றும் கூடத்தை எட்டிப் பார்த்தார். ஓரத்து நாற்காலியில் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். சிஸ்டர் முக்காலியோடு அவர் பக்கத்தில் நின்று ஏதோ கேட்க, அவர் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அக்கா நேராகப் போய், "எனக்கும் இவங்கதான் பிடிச்சு விட்டாங்க" என்றபடி அந்தப் பெண்மணிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இதுல குணமாகுமாங்க?" என்று அவர் அக்காவிடம் கேட்டார்.

"ஆகாது. குணமாக்கறதுக்குத்தான் அந்தப் பாட்டில் தொங்குது. இது களைப்புக்கு. எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேட்குமான்னு தெரியாது. கேட்கலைன்னா நிறுத்தச் சொல்லுங்க, சிஸ்டர் கோவிச்சுக்க மாட்டாங்க."

அந்தப் பெண்மணி கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுக்கில்லை... என் குதிகாலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. பார்க்கவே நல்லா இருக்காது."

"அவங்க எவ்வளவு காலைப் பார்த்திருக்காங்க! என் கட்டைவிரலைப் பார்த்தே பயப்படலையே" என்றார் அக்கா.

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். பிறகு குனிந்து, ஒரு காலுறையைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். இன்னொன்றுக்கும் கை போனது.